சிப்பாய்க்கு மேட்சிங் பிட்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து கும்பகோணத்துக்கு வாழ வந்தபோது என் பெட்டியில் 14 பெயின்ட் புட்டிகள் இருந்தன. மற்றதையெல்லாம் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. “இதுக்கா இவ்ளோ நேரம்?” என்று இந்த வீட்டில் கேட்காத ஒரே ஆள் என் மாமியார்தான். அத்தை என்று கூப்பிடுவேன்.

தமிழ் பேசுகிற ஊர்தானே, என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் வாரமே மளிகைக் கடையில் “எத்தனை வெள்ளி?” என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் நகைக்கடைக்கு வழி சொன்னார். எங்கள் பக்கம் ரிங்கிட்டை வெள்ளி என்போம். காலையில் “பசியாறியாச்சா?” என்று கேட்டால் மாமா இன்னும் சிரிக்கிறார்.

முதலில் தீர்ந்தது மெஃபிஸ்டன் ரெட் என்கிற அடர் சிவப்பு. சிட்டாடல் கம்பெனி பெயின்ட், புட்டி 12 மில்லிதான். 20 சிப்பாய்களுக்கும் அதே சிவப்பு அங்கி. 11 பேர் முடிந்திருந்தார்கள். இணையத்தில் வாங்கலாம், இல்லையென்றில்லை. அந்தக் காசுக்கு இரண்டு பேர் டிபன் சாப்பிட்டு டிகிரி காபியும் குடிக்கலாம் என்பதுதான் உறுத்தியது.

எந்தப் புட்டிக்கு எது மாற்று என்று பட்டியல்கள் உண்டு. ஸ்பெயின்காரர்களின் வல்லேஹோவில் இது, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டரில் அது என்று ஜோடி சேர்த்திருப்பார்கள். இரண்டு பட்டியலை எடுத்தால் இரண்டும் ஒரே பதில் சொல்லாது. பழைய பட்டியலில் பெயரே பிடிபடாது. 2012இல் சிட்டாடல் தன் வரிசையையே மாற்றி, டெவ்லன் மட் போய் அக்ராக்ஸ் எர்த்ஷேட் வந்தது. எப்படியும் அந்த ஜோடிகள் எதுவும் நம்ம ஊர் ஸ்டேஷனரி கடையில் இருக்கப்போவதில்லை.

கடையில் இருந்தது போஸ்டர் கலர். வாங்கி அடித்தேன், அழகாகத்தான் இருந்தது. பள்ளங்களில் நிழல் விழ நீர்த்த பெயின்ட்டை மேலே ஓட்டுவோம், அதுதான் வாஷ். அதைக் கொடுத்ததும் சிவப்பு கரைந்து முகமெல்லாம் வழிந்தது. போஸ்டர் கலர் பசையில் பிடித்து நிற்பது, காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் இளகாது. தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்துபோனது. அந்தச் சிப்பாயைக் கழுவி வைத்தேன்.

அந்த வாரம் அத்தை தன் அரக்குப் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்க மேட்சிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். கடைப் பையன் ஆறு அரக்கு பிட்டுகளை அடுக்கினான். எல்லாம் ஒன்றுபோலத்தான் எனக்குத் தெரிந்தது.

“டியூப்லைட்ல எல்லாம் ஒண்ணாத்தாம்மா தெரியும். வெளியில எடுத்துட்டு வா.”

வாசல் வெயிலில் ஒவ்வொன்றாகத் தலைப்பின் மேல் ஒட்டி வைத்தார். இரண்டு ஊதா அடித்தன. ஒன்று செங்கல்லாகப் போனது. மிஞ்சியதில் ஒன்றை எடுத்து, “பார்டரோட சேருதான்னு பாரு. சேர்ந்துட்டா மத்தது கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் யாரு கண்ணுக்கும் தெரியாது” என்றார்.

வேறு வேறு சாயங்கள் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து இன்னொன்றில் பிரிந்துபோகும். பெயின்ட்டும் அப்படியே. நான் இத்தனை நாளாக ராத்திரி மேசை விளக்கில் உட்கார்ந்து கலந்துகொண்டிருந்தேன்!

மறுநாள் ஐஸ்கிரீம் டப்பா மூடியில் சிப்பாய்க்கு அடிக்கும் அதே சாம்பல் அடிப்பூச்சைக் கொடுத்து, புட்டியின் அடியில் ஒட்டியிருந்த மெஃபிஸ்டனை வழித்து ஒரு கோடு இழுத்தேன். அதை ஒட்டினாற்போல் அக்ரிலிக் ட்யூப்களிலிருந்து கலந்த புதுக் கலவை. காயும்வரை தீர்ப்பு சொல்லக் கூடாது. அக்ரிலிக்கின் பிசின் ஈரத்தில் பால்போல் இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும், அதனால் நிறம் ஒரு படி இருட்டும். கிரிம்சன் ட்யூப் மட்டும் என்றால் ரோஜா பக்கம் சாய்ந்தது. கறுப்பு சேர்த்தால் செத்த நிறம். கடைசியில் ரெட் ஆக்சைடு ஒரு துளி விட்டேன். ட்யூபில் நிறமியின் எண் பி.ஆர். 101 என்று போட்டிருக்கும், இரும்பு ஆக்சைடுதான். எங்கள் வீட்டுக் கூடத்தின் சிவப்புத் தரையும் அதுவேதான் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று பங்கு கிரிம்சன், ஒரு பங்கு தரை, கொஞ்சம் ஆரஞ்சு. காய்ந்தபோது இரண்டு சிவப்புக்கும் நடுவிலிருந்த எல்லை ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஏறக்குறையதான். அந்த மிச்சத்துக்குத்தான் அத்தையின் பார்டர். அங்கியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வார், கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் 20 பேருக்கும் ஒரே பழுப்பில் அடித்து, மேலே ஒரே வாஷை ஓட்டினேன். வாஷுக்கு பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு, கறுப்பு ஒரு பொட்டு, மேட் மீடியம் என்கிற நிறமில்லாத அக்ரிலிக் பிசின், தண்ணீர். வெறும் தண்ணீரில் கரைத்தால் காய்ந்த இடமெல்லாம் வளையம் விழும்.

பங்குனி வெயிலில் தூரிகையிலேயே பெயின்ட் காய்கிறது. டிபன் பாக்ஸ் மூடியில் ஈர ஸ்பாஞ்சும் அதன்மேல் பட்டர் பேப்பரும் வைத்துச் சமாளிக்கிறேன். ஆடிக் காற்றுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.

வேலை முடிந்ததும் 20 பேரையும் திண்ணையில் வரிசையாக நிறுத்தினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒருவனை மட்டும் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவன் மட்டும் வேற பீஸ்ல வெட்டுனவன் மாதிரி இருக்கானே?”

அடியைத் திருப்பிப் பார்த்தேன். எண் 4. ஈப்போவில் அடித்தது.