சத்தமில்லாத படகும் பூநாரைக் கூட்டமும்

மண்டபத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடல் இரண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வைகாசியில் சோளகம் என்கிற தென்காற்று பிடித்துவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் அலையில்லாமல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை அடிக்கத் தொடங்கினால் அப்படியே தலைகீழ். துடுப்புப் போட்டு ஓட்டுகிற என் சிறிய கயாக் படகை நான் எடுப்பதும் இந்தக் கணக்கில்தான். செல்போன் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடும். எந்த இடத்தில் நீரோட்டம் கரையைவிட்டு இழுக்கும் என்பதைக் கேட்க, வத்தை என்கிற நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறவர்களிடம்தான் போகவேண்டும்.

இப்போது நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் துடுப்புப் போட வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். பிரப்பன்வலசைக் கடற்கரையில் நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகையும் கிடைக்கிறது. எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம். ஆனால் வருகிறவர்கள் பலரும் சொல்கிற ஒரு பேச்சு என்னை உறுத்துகிறது: “இன்ஜின் இல்லை, புகை இல்லை, நம்மால பறவைக்கு என்ன தொந்தரவு?”

இன்ஜின் படகு வரும் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். பறவைக்கு யோசிக்க நேரம் இருக்கும். முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் அந்தப் படகு வரவும் முடியாது. கயாக் மிதக்க ஒரு சாண் தண்ணீர் போதும். நாரைகள் நின்று மேய்கிற சேற்றுத் திட்டு வரைக்கும், திடீரென்று, ஓசையே இல்லாமல் போய்விடலாம். பலகையில் போகிறவர் இன்னும் மோசம், நிமிர்ந்து நிற்கிற மனித உருவம் அல்லவா! பறவை கண்ணில் பட்டதுமே மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவது நல்லது.

காரங்காட்டு முகத்துவாரத்தில் வழிகாட்டியாக வந்த தம்பிதான் இதை எனக்குக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சாம்பல் நாரை ஒன்று மீனுக்குக் காத்து நின்றது. கழுத்து வளைந்து, பார்வை தண்ணீரில். நாங்கள் சற்று நெருங்கியதும் கழுத்து நேரானது. “அக்கா, துடுப்ப மடியில வைங்க” என்றார். நாரை ஒரு காலை மெதுவாகத் தூக்கி எங்களுக்கு எதிர்ப்பக்கம் வைத்தது. “பாத்தீங்களா, இனி ஒரு துடுப்பு போட்டாலும் போயிரும்.” பின்னோக்கித் துடுப்புப் போட்டு விலகினோம். கொஞ்ச நேரத்தில் கழுத்து மறுபடி வளைந்தது. பறந்தபிறகு தெரிந்துகொள்வதில் பிரயோஜனமில்லை. மேய்ச்சலை நிறுத்தித் தலை தூக்கியதே நமக்கான எச்சரிக்கை.

அலையாத்தி ஓடைக்குள் போனால் இந்தக் கவனம் இன்னும் வேண்டும். இரண்டு பக்கமும் காடு. பறவைக்கு ஒதுங்க இடமில்லை. சாயங்காலம் அடைய வருகிற நேரத்தில் குறுகிய கிளை ஓடைகளுக்குள் நான் நுழைவதே இல்லை. காலையில் போங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே நண்டுகள் ஒற்றைக் கொடுக்கை ஆட்டும். கைக்கெட்டுகிற இலையைப் பறிக்காமல் தடவிப் பாருங்கள், வெயிலேறிய நேரத்தில் உப்புத்தூள் விரலில் ஒட்டும். உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது.

தனுஷ்கோடிப் பூநாரைகளுக்கு, அதாவது ஃபிளமிங்கோக்களுக்கு, வருகிறேன். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளி இரையை வடிகட்டும். வயிறு நிறைய நெடுநேரம் ஆகும். கிளப்பிவிட்ட ஒவ்வொரு முறையும் மேய்ச்சல் நேரமும் போகிறது, உடம்பில் சேர்த்த கொழுப்பும் கரைகிறது. 2025 ஜூனில் தமிழக அரசு அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. அப்படிப்பட்ட பறவைகள் இளஞ்சிவப்புச் சிறகு விரித்துப் பறக்கிற படம் வேண்டுமென்று ஆட்கள் கூட்டத்தை நோக்கியே போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு பதறியது.

தண்ணீருக்கு அடியிலும் மேய்ச்சல் நிலம் உண்டு. வடகடலில் தாழை என்று நாங்கள் சொல்கிற கடற்புல் படுகைதான் கடல்பசுவுக்குச் சாப்பாடு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆவுளியா என்பார்கள். அது மேய்ந்துபோன தடம் ஏர் ஓட்டிய சால்போலத் தரையில் நீளமாகத் தெரியுமாம். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் அதற்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நம் ராமநாதபுரக் கடல் அதற்கு ஒட்டினாற்போல் தெற்கே இருக்கிறது. பலகைக்கு அடியில் மீன் துடுப்பைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் ஆழமில்லாத இடத்தில் தாழையை வேரோடு பிடுங்கிவிடும்; படுகை மேலே தெரிந்தால் சுற்றிக்கொண்டு போங்கள். இறங்கி நடந்தே ஆகவேண்டுமென்றால் வெறும் மணலில், காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கவேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், அதை மிதித்துவிடக்கூடாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கயாக்கில் போய் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கிற இடமல்ல. அவற்றில் ஒன்றான குருசடைத் தீவுக்குப் போக ஆசையிருந்தால் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு இருக்கிறது, அதில் போங்கள்.

இந்தக் கரையில் கயாக் விடுகிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். லைஃப் ஜாக்கெட் எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுக்கும்போதே, நாரை தலையைத் தூக்கினால் துடுப்பை நிறுத்தவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பறக்கும் பூநாரைக் கூட்டத்துக்குள் கயாக் நுழைகிற படத்தை விளம்பரப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து வருகிறவர் அதையேதான் கேட்பார்.