பாகு தவறினாலும் பரவாயில்லை

ஆடி மாதம் வந்தால் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். எங்கள் சமையல் மன்றம் பிறந்ததே அப்படி ஒரு காலி மண்டபத்தில்தான், 2018 ஆடியில். சென்னையில் பதினாறு வருடம் நட்சத்திர ஹோட்டல்களில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மதுரைக்குத் திரும்பி, சின்னதாக ஒரு கேட்டரிங் நடத்திக்கொண்டிருந்தேன். பந்தி பரிமாற வரும் கல்லூரிப் பையன்களில் இரண்டு பேர் எப்போதும் அடுப்படி வாசலிலேயே நிற்பார்கள். "இதுல ஏண்ணே கல்பாசி போடுறீங்க?", "எண்ணெய் பிரிஞ்சிருச்சுன்னு எப்படிண்ணே தெரியுது?" என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஐந்நூறு பேர் பந்தி ஓடும்போது யார் பதில் சொல்வது? அந்த மண்டபத்து மேனேஜர் ஒருநாள் பேச்சுவாக்கில், "ஆடி முழுக்க அடுப்படி சும்மாதாண்ணே கெடக்கு" என்றார். அந்த இரண்டு பேர் முகமும்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். அந்த இரண்டு பையன்கள், தெருவில் விசாரித்துச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான பிள்ளைகள். பெண்கள் நான்கு பேர். அடுப்படிக்கு வாடகை வேண்டாம், கழுவித் துடைத்துக் கொடுத்தால் போதும் என்றார் மேனேஜர். நீல நிற 19 கிலோ சிலிண்டர் ஒன்றை நான் கொண்டுவந்தேன். பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். இன்றுவரை வாங்கவில்லை.

ஆரம்பத்தில் நான் செய்தது தப்பு. ஹோட்டலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே தொடங்கினேன். கேரட்டை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தீக்குச்சி போல வெட்டுவது, அதையே சின்னச் சதுரமாக நறுக்குவது, அப்புறம் மற்ற சாஸ்களுக்கெல்லாம் அடிப்படையான, பிரெஞ்சுச் சமையலின் ஐந்து 'தாய்' சாஸ்கள். மூன்றாவது வாரம் பதினோரு பேர் ஆறு பேர் ஆனார்கள். சலிப்பு என்று நினைத்தேன். மிச்சமிருந்த ஆறு பேரைக் கவனித்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள், கரண்டியை மட்டும் தொடமாட்டாள். ஏன் என்று கேட்டேன். "தப்பாயிட்டா மாஸ்டர்?" என்றாள்.

அந்தப் பயம் எனக்கும் தெரிந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கடைசிப் படியில் இருக்கும் கமியாக இருந்தபோது, ஒரு பெரிய பாத்திரம் வெங்காய மசாலாவை அடிபிடிக்க விட்டேன். மேலே இருந்தவர் எல்லோர் முன்னாலும் அதை என் கையாலேயே கொட்டவைத்தார், சம்பளத்திலும் பிடித்தார்கள். வெங்காயம் எந்த நொடியில் பொன்னிறம் தாண்டிக் கசப்பாகிறது என்று அன்று நான் கற்றிருக்கலாம். அதற்குப் பதில், இரண்டு வருடம் அந்த அடுப்புப் பக்கமே போகாமல் இருக்கத்தான் கற்றுக்கொண்டேன். வீட்டிலும் இதே கதைதான். எண்ணெய் விற்கிற விலையில் எந்த அம்மா பிள்ளையைப் பத்துத் தடவை கெடுத்துப் பார்க்க விடுவார்? ஆனால் கெடாமல் பதம் எங்கிருந்து கைவரும்? பதத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது போய்ப் பார்த்தவனுக்குத்தான் பதம் தெரியும்.

அடுத்த ஞாயிறு காய்கறி எதுவும் வாங்கவில்லை. வெல்லம் மட்டும் வாங்கினேன். ஆளுக்கு நூறு கிராம், கால் தம்ளர் தண்ணீர், ஒரு சின்ன இருப்புச்சட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். "இன்னிக்கு யாரும் எதையும் காப்பாத்தக் கூடாது, கருகுற வரைக்கும் போகணும்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெல்லம் கரைந்ததும் வடிகட்டி மண்ணை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினோம். முதலில் பெரிய பெரிய நுரையாக எழும்பும். தண்ணீர் வற்ற வற்ற நுரை சிறுத்து, நெருங்கி, கொதிக்கும் சத்தமே கனத்துப்போகும். கரண்டியிலிருந்து ஆறவைத்து ஒரு சொட்டை விரலிடுக்கில் எடுத்தால் ஒற்றைக் கம்பி இழுபடும். இன்னும் கொஞ்சம் விட்டு, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் உட்காரும், விரலால் கூட்டினால் மெத்தென்று உருளும். அதிரசத்துக்கு அங்கே நிறுத்த வேண்டும். அதையும் தாண்டினால், சொட்டு தண்ணீரில் விழுந்ததும் இறுகிவிடும். எடுத்து ஒடித்தால் டக்கென்று கண்ணாடி மாதிரி முறியும். அது கடலை மிட்டாய்க்கு. தெர்மாமீட்டரும் வைத்துப் பார்த்தோம். உருட்டுப் பதம் 115 டிகிரி வாக்கில் வந்தது, ஒடியும் பதம் 150-ஐ நெருங்கியது. தண்ணீர் போகப் போகத்தான் சூடு மேலே ஏற முடியும், அதனால் அந்த எண் பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்கிற கணக்கு என்று விளக்கினேன். வெல்லத்துக்கு வெல்லம் இது மாறும், ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் கருகியது. கருகுவதற்குச் சில நொடி முன்னால் வாசனை மாறும். இனிப்பு வாசனைக்குள் மூக்கின் பின்பக்கம் லேசாக ஒரு காரல் ஏறும். அதை எழுத்தில் எப்படிச் சொன்னாலும் புரியாது. கரண்டியைத் தொடாத அந்தப் பெண்தான் முதலில் தலையை நிமிர்த்தி, "வந்துருச்சு மாஸ்டர்!" என்று கத்தினாள். ஆறு பேர் அடுத்த வாரம் ஒன்பது பேர் ஆனார்கள்.

அதற்குள் இந்தச் செய்தி அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அவளுடைய அம்மா ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர். நேரே மண்டபத்துக்கு வந்து, "ஏண்ணே, வெல்லத்தக் கரிக்கிறதுக்கா பிள்ளைய அனுப்புனேன்? எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பருக்கை கீழ விழுந்தாலும் எனக்கு மனசு கேக்காது" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது நியாயம். பசித்த வயிறுகளுக்கு நாள்தோறும் சமைக்கிற கை அது.

ஒரு வாரம் யோசித்தேன். கெடுப்பதற்கும் ஓர் அளவு வேண்டும் என்று தோன்றியது. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு கைப்பிடிதான், அதற்கு மேல் கிடையாது. எதைக் கெடுத்தோம், எந்த இடத்தில் கெட்டது, அதற்கு முன்னால் என்ன சத்தம், என்ன வாசனை வந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைகள் அதற்கு 'கெட்ட நோட்டு' என்று பெயர் வைத்தார்கள். திருத்த முடிந்ததைத் திருத்த வேண்டும். கருகாமல் முற்றிப்போன பாகைத் தண்ணீர் விட்டு மறுபடி இளக்கலாம், உப்புக் கூடிய ரசத்தில் பருப்புத் தண்ணீரைக் கூட்டலாம். மற்றபடி சமைத்தது எல்லாவற்றையும் உட்கார்ந்து நாங்களே சாப்பிட வேண்டும்.

இதைச் சொல்ல அந்த அம்மாவைத் தேடிப் போனேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நூற்றிருபது பேருக்குச் சாம்பார் வைத்துக் காட்டினார். நாலு பேர் அளவை முப்பதால் பெருக்கினால் அந்தச் சாம்பார் வராது என்பதை என் பிள்ளைகளுக்கு அவர்தான் புரியவைத்தார். அண்டாவில் தண்ணீர் அந்த விகிதத்தில் வற்றாது, அதனால் தண்ணீரைப் பெருக்கக் கூடாது. உப்பை மூன்று தவணையாகப் போட வேண்டும், தாளிக்கும் எண்ணெயும் அவ்வளவு கேட்காது. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கியதிலிருந்து, எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்ததிலிருந்து, இந்த அறிவு இத்தனை ஆயிரம் பெண்களின் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு பட்டமும் இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு விபத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது மாதம், ஒரு பையன் இட்லிக் கொப்பரை மூடியைத் தன் பக்கமாகச் சாய்த்துத் திறந்துவிட்டான். ஆவி மணிக்கட்டில் அடித்தது. ஒருவன் இட்லி மாவைத் தடவ ஓடிவந்தான், இன்னொருவன் பேனா மை தேடினான். இரண்டையும் தடுத்து, குழாயடியில் இருபது நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, தழும்பு இல்லாமல் ஆறியது. தப்பு என்னுடையது. எனக்குக் கை தானாகச் செய்கிற காரியம் என்பதால் அதைச் சொல்லித்தர வேண்டும் என்றே தோன்றவில்லை. இப்போது முதல் வகுப்பு அடுப்பே பற்றவைக்காமல் நடக்கும். மூடியை எதிர்ப்பக்கமாகத் தூக்கு. சூடான பாத்திரத்தை ஈரத் துணியால் பிடிக்காதே, ஈரத்தில் சூடு நொடியில் கைக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடு. ஒவ்வொருவரும் செய்து காட்டிய பிறகுதான் தீக்குச்சி.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் வந்துவிடும், முகூர்த்த நாட்களில் மண்டபம் கிடைக்காது. அந்த நாட்களை வீணாக்க வேண்டாம் என்று, பெற்றோர் கூடவர, முகூர்த்த நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கல்யாண அடுப்படியைக் காட்டினேன். தலைமை மாஸ்டர், இனிப்புக்குத் தனி ஆள், காய் வெட்டும் அக்காமார்கள், எடுபிடிப் பையன். பிரெஞ்சுக்காரர் எஸ்காஃபியே ஹோட்டல் அடுப்படிகளுக்கு வகுத்துக்கொடுத்த படிநிலையை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைவிட இங்கே அது நன்றாகப் புரிந்தது.

ஊரடங்கில் மன்றம் நின்றது, வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிக்கொண்டோம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி 2020 ஏப்ரல் கடைசியில் வந்தபோது, வீட்டில் அடைந்துகிடந்த பிள்ளைகள் ஆளாளுக்குப் பாகு காய்ச்சிப் படம் அனுப்பினார்கள்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளிடம் நான் எதையும் மறைப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், தீபாவளியன்று வீட்டில் இருக்க முடியாது, முதல் சம்பளம் கையைக் கடிக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் விலகினார்கள். அதுவும் நல்லதே. சென்னை தரமணியில் இருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு உண்டு, திருச்சி துவாக்குடியிலும் அதே படிப்புக்கு அரசு நிறுவனம் இருக்கிறது என்பதைப் பிளஸ் ஒன்னிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் அணிக்கு அதைத் தாமதமாகச் சொன்னேன். ஒரு பையனுக்கு அதனால் ஒரு வருடம் போயிற்று. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

போன ஆடியில் பதினான்கு புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். கரண்டியைத் தொடப் பயந்த அந்தப் பெண் இப்போது கேட்டரிங் படித்து முடித்து ஒரு ஹோட்டலில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் வெல்ல வகுப்பை ஒப்படைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன் உருட்டுப் பதத்தைத் தாண்டிவிட்டான், அவனுக்குத் தெரியவில்லை. எனக்குக் கை பரபரத்தது, அடுப்பை நோக்கி ஓரடி எடுத்தும் வைத்துவிட்டேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அசையாமல், அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.