ஹோஹென்ட்வீல்: வலது சக்கரம் சரியாகிவிட்டது

நான் செய்துவரும் ஹோஹென்ட்வீல் துடுப்புக் கப்பல் மாடலை நேற்று சாயங்காலம் குளத்தில் விட்டுப் பார்த்தேன். வலது பக்கச் சக்கரம் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கி ஏறியது. இடது பக்கம் பழையபடி பட் பட் பட் என்று அறைந்துகொண்டே வந்தது. ஒரே தண்டு, ஒரே வேகம், ஒரே கப்பல். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் எக்சென்ட்ரிக்கின் (தண்டின் மையத்திலிருந்து தள்ளி வைக்கும் வட்டம்; கம்பிகள் வழியாகச் சக்கரத்தின் பலகைகளைத் திருப்புவது இதுதான்) இடமும் கம்பிகளின் நீளமும் மட்டும்தான். ஐந்து மாதமாக நான் தேடியது இதைத்தான்.

கப்பலைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக: ஹோஹென்ட்வீல் 1913-இல் எஷர் வீஸ் நிறுவனம் வுர்ட்டம்பெர்க் அரசு ரயில்வேக்காகக் கட்டியது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் சந்திக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியில் மிஞ்சியிருக்கும் ஒரே நீராவித் துடுப்புக் கப்பல். 1962-இல் ஓய்வு கொடுத்தார்கள். ஏரிக்கரை ஊரான பிரெகென்ஸில் ஒரு படகுச் சங்கத்தின் கூடமாகக் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தது. அப்புறம் ஆறு வருட வேலைக்குப் பிறகு 1990-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 57 மீட்டர். என் 1:50 அளவில் 114 செ.மீ. உடல், மேல்தளம், புகைபோக்கி எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரம்தான் விஷயம்.

பலகைகள் அசையாமல் பொருத்திய சக்கரம் என்றால் ஒரு வாரத்தில் முடித்திருப்பேன். 1914-இல் கட்டிய பெல் ஆஃப் லூயிவில் போன்ற அமெரிக்க ஆற்றுக் கப்பல்களின் பின்சக்கரம் அந்த வகை. மரப்பலகை உடைந்தால் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம், ஆற்றுக்கு அது பொருத்தம். ஆனால் அந்தப் பலகை சாய்ந்து இறங்கித் தண்ணீரை அமுக்கும். வெளியே வரும்போது தண்ணீரை அள்ளித் தூக்கும். அந்த நஷ்டத்தைக் குறைக்கச் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். பலகைகள் தானே திரும்பிக்கொள்ளும் சக்கரத்துக்கு 1829-இல் எலைஜா கேலோவே காப்புரிமை வாங்கினார். வில்லியம் மோர்கன் அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியதால் மோர்கன் சக்கரம் என்ற பெயரே நிலைத்தது. சின்னச் சக்கரம், வேகமான சுற்று, அதனால் எஞ்சினும் இலகு. ஏரிக் கப்பல்களுக்கு இதைவிட அழகான தீர்வு கிடையாது என்பது என் கருத்து.

என் சக்கரத்தில் எட்டுப் பலகைகள். பலகை அச்சுகள் இருக்கும் வட்டத்தின் ஆரம் 30 மி.மீ., ஒவ்வொரு பலகையிலும் கம்பி பிடித்துத் திருப்ப 8 மி.மீ. கை. எக்சென்ட்ரிக் வளையத்தில் ஒரு கம்பியை அசையாமல் பற்றவைத்து (வளையத்தைச் சக்கரத்தோடு சேர்த்துச் சுற்றுவது அதுதான்), மற்ற ஏழையும் சின்ன ஊசி போன்ற பின் போட்டு ஆடும்படி விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எக்சென்ட்ரிக்கை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் தண்டின் மையத்திலிருந்து 8 மி.மீ. முன்னால் வைத்தேன். கையின் நீளமும் அதே 8, கம்பியும் அதே 30. இணைகரம் மாதிரி வரும், பலகை எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். மேசையில் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு அத்தனை நேர்த்தி! கப்பலைக் கயிற்றில் கட்டி ஓட்டியபோதும் நன்றாக இழுத்தது. கயிற்றை அவிழ்த்து விட்டதும் பட் பட் என்று அறைய ஆரம்பித்தது.

காரணம் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. தண்ணீரில் நுழையும் இடத்தில் பலகை கீழ்நோக்கியும் போகிறது, பின்நோக்கியும் போகிறது. அதனால் அதன் பின்நோக்கிய வேகம் அடிப்புள்ளியில் இருப்பதைவிடக் குறைவு. 40 டிகிரியில் முக்கால் பங்கு சொச்சம்தான். கப்பலோ அதைவிட வேகமாக முன்னே போகிறது. ஆக, செங்குத்தாக நிற்கும் பலகை நுழையும் கணத்தில் தண்ணீரை முன்பக்கம் தள்ளுகிறது. கட்டிய கப்பலில் இது தெரியாது, ஓடும் கப்பலில்தான் தெரியும்.

பழைய பொறியாளர்கள் இதற்கு வைத்திருந்த வழி கோடு போட்டுப் பார்ப்பதுதான். சக்கர வட்டத்தை வரைந்து, பலகை நுழையும் இடம், அடிப்புள்ளி, வெளியேறும் இடம் மூன்றையும் குறிக்க வேண்டும். மூன்றிலிருந்தும் சக்கரத்தின் உச்சிக்குக் கோடு இழுத்தால் பலகை அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அதற்குச் செங்குத்தாகக் கை. மூன்று கைகளின் நுனிகள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் மையம்தான் எக்சென்ட்ரிக்கின் இடம். ஐந்து மடங்கு பெரிதாக்கிக் கிராஃப் தாளில் போட்டேன். மையம் தண்டுக்கு 4.2 மி.மீ. முன்னால் விழுந்தது; உயரத்தில் அரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. அந்த மையத்திலிருந்து கையின் நுனிவரை 30.6. எக்சென்ட்ரிக் தண்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டியது, நான் வைத்திருந்ததில் கிட்டத்தட்டப் பாதி தூரம்தான்!

எட்டுக் கம்பிகளையும் புதிதாக வெட்டினேன். 0.8 மி.மீ. பித்தளைத் தகடு, 1 மி.மீ. எஃகுப் பின். துளையை நேரடியாக 1 மி.மீ.க்குப் போடாமல் 0.9 போட்டு ரீமரால் விரித்தேன். இங்கே சோம்பல் பட்டால் எட்டு இணைப்பின் ஆட்டமும் சேர்ந்து பலகை தள்ளாடும். அசையாத கம்பியைப் பற்றவைக்க எஃகுப் பலகையில் இரண்டு முளை அடித்து, வளையமும் கம்பியின் நுனியும் நகராதபடி பூட்டிவிட்டுத்தான் சூடு காட்டினேன். அது ஒரு டிகிரி கோணினாலும் வளையமே திரும்பி, எட்டுப் பலகையும் சேர்ந்து கோணும். பலகை அச்சுகளுக்கு டெஃப்லான் புஷ் (அச்சு சுழலும் உறை). அசல் கப்பல்களில் இந்த இடத்தில் லிக்னம் விட்டே என்ற கெட்டி மரத்தைப் போடுவார்கள். அந்த மரத்திலேயே எண்ணெய் உண்டு, தண்ணீரே மசகாகிவிடும். ஒரு துண்டு கிடைத்தால் நானும் போட ஆசை.

பித்தளையைப் பற்றி ஒன்று. மாடல் பொருள் விற்கும் ஒரு இடத்தில் வாங்கிய தகடு அறுக்கும்போதே சுருண்டது. கடிகாரக்காரர்கள் வாங்கும் கெட்டிப் பித்தளைக்கு மாறினேன். ரம்பத்தில் மொறமொறவென்று அறுபடுகிறது, ஓரத்தில் பிசிறே இல்லை.

இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்தால் நின்ற இடத்திலேயே திருப்பலாமே என்று பலர் சொன்னார்கள். அசல் கப்பலில் ஒரே தண்டுதான், நானும் அப்படியே விட்டிருக்கிறேன். மோட்டாரை எடுத்துவிட்டு, அசலில் உள்ளது போலவே சாய்ந்த இரட்டைச் சிலிண்டர் காம்பவுண்ட் நீராவி எஞ்சின் (ஒரு சிலிண்டரில் வேலை செய்த நீராவி அடுத்ததிலும் வேலை செய்யும்) போட வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. கிராங்க் தண்டுக்கான உருக்கு ஏற்கெனவே மேசை மேல் இருக்கிறது.

அதற்கு முன்னால் இடது சக்கரம். எக்சென்ட்ரிக் அங்கேயும் தண்டுக்கு முன்னால்தான் வர வேண்டும், வலதின் கண்ணாடி பிம்பமாக. இன்று காலை மூன்று கம்பிகள் வெட்டியாகிவிட்டன. மீதி ஐந்து.