வெள்ளம் வடிந்த பிறகு: தடத்தில் சில நாட்கள்

அக்டோபர் 14

புயல் மழை நேற்றிரவோடு விட்டுவிட்டது. வானம் பளிச்சென்று இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை, இப்படி ஒரு நாளைப் பார்த்தால் எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த நடைபயணத் தடத்தைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் ஆறு பேர் காலையிலேயே கீழ்த்தடத்தைப் பார்க்கப் போனோம். மரப்பாலம் மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே ஆகாதது போல நிற்கிறது. ஓடைக்கரையில் இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாலத்தைத் தாங்குகிற கல்கட்டுக்கு அடியில் மண்ணையெல்லாம் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருக்கிறது, முழங்கை வரை கையை உள்ளே விட முடிந்தது. பாலத்தையே அடித்துக்கொண்டு போயிருந்தால் யாரும் ஏறப்போவதில்லை, இப்படி நிற்பதுதான் பயம். இரண்டு பக்கமும் சிவப்பு நாடா கட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்தோம்.

அக்டோபர் 15

நாடாவைத் தாண்டி மூன்று பேர் ஓடைக்குள் இறங்கப் பார்த்தார்கள். "முட்டிக்குக் கீழேதானே தண்ணீர், போய்விடலாமே" என்றார் ஒருவர். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், ஓட்டம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும், அதோடு இந்தக் கலங்கலில் அடியில் கல் உருள்வது கண்ணுக்கே தெரியாது. பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் நீர் உடம்பை முன்னால் அழுத்திவிடும், பிறகு முட்டியளவு ஆழத்தில்கூட எழுந்திருக்க முடியாது. சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள். பல மாதம் திட்டம் போட்டு வந்தவர்களாம், முகம் வாடித்தான் திரும்பினார்கள், எனக்கும் மனது கஷ்டமாகிவிட்டது.

அக்டோபர் 17

மாற்றுப்பாதையை இன்று நானே முழுக்க நடந்தேன். மூடிய பகுதி 4 கிலோமீட்டர், சுற்றிப் போனால் 11, அதில் பாதி தார்ச்சாலை. சாலையில் நிழலும் இல்லை, குடிநீர் நிரப்ப இடமும் இல்லை, வளைவுகளில் நடைபாதை ஓரமே கிடையாது. இதையெல்லாம் பலகையில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன், "மாற்றுவழி" என்று வெறும் அம்பு போட்டால் பாதி வழியில் ஆட்கள் தவித்துப்போவார்கள். இன்னொன்று, கைப்பேசியில் முன்பே பதிவிறக்கி வைத்த வரைபடம் இன்னமும் பாலத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டுகிறது. பலகையும் வரைபடமும் முரண்பட்டால் பலகையை நம்புங்கள், தயவுசெய்து.

அக்டோபர் 18

மழை நின்று ஐந்தாம் நாள், நல்ல வெயில், மேல்தடத்தில் மண் சரிந்தது. ஊறிய சரிவுக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். பாதைக்கு மேலே புதிதாக விரிசல், சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் எதைப் பார்த்தாலும் நின்று பார்க்காமல் திரும்பிவிட வேண்டும்.

அக்டோபர் 21

"இன்னும் எத்தனை நாள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தைப் புரட்டிப்போட்டதுதான் நினைவுக்கு வருகிறது. 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் அது. டென்னசியில் எர்வின் அருகே நோலிசக்கி ஆற்றைக் கடக்கும் பாலமே போய்விட, அடுத்த ஆண்டு நடந்து வந்தவர்களைப் படகில்தான் அக்கரை சேர்த்தார்கள். பாலம் கட்டுவது நாட்கணக்கு வேலை இல்லை. அதுவரை நடக்கிறவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு அலைச்சல்.

அக்டோபர் 26

மேல்தடம் திறந்தாகிவிட்டது! சேறு இருக்கிறது, அதைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே மிதித்து நடங்கள், ஓரமாகப் போகப் போக பாதை அகலமாகிச் செடிகள் செத்துவிடும். கீழ்ப்பாலம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. அப்புறம், இன்று அங்கிருந்த பலகையைப் பிடுங்கி, 2 கிலோமீட்டர் முன்னால் தடம் பிரிகிற இடத்தில் நட்டோம். இனி யாரும் பாலம் வரை நடந்து போய் ஏமாந்து திரும்ப வேண்டாம்.