மேடையில் கிட்டாருக்கு ஆக்டிவ் ஸ்பீக்கர்: வாட்டை விடுங்கள், டெசிபெலைப் பாருங்கள்

பினாங்கில் கல்யாண விருந்து, கோயில் திருவிழா மேடை, தீபாவளிக் கலைநிகழ்ச்சி எதுவானாலும் லைட் மியூசிக் குழுவின் கிட்டாரிஸ்ட் காலடியில் இன்று பெரும்பாலும் ஒரு மாடலர் (ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் கருவி) கிடக்கும். ஹீலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ், பாஸ் ஜிடி-1000, ஏதோ ஒன்று. டியூப் ஆம்பைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் பட்டர்வொர்த் போகும் வேலை மிச்சம்; ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று போதும். ஆனால் டிரம்ஸ், ஆக்டோபேட், தவில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போது கிட்டார் காணாமல் போகிறது. உடனே கேட்கும் கேள்வி: “எத்தனை வாட் பெட்டி வாங்கலாம்?”

கேள்வியே தவறு. இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோ-வாய்ஸ் இசட்எல்எக்ஸ்-12பி: 12 அங்குல வூஃபர் (அடி ஒலி ஸ்பீக்கர்), 1000 வாட், அதிகபட்சம் 126 டெசிபெல். யமஹா டிபிஆர்10: 10 அங்குலம், 700 வாட், 129 டெசிபெல், எடை 10.5 கிலோ. வாட்டும் அங்குலமும் குறைந்த பெட்டி, தாளில் அதிகச் சத்தம் தருகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் அளக்கும் முறை மாறும் என்பதால் 3 டெசிபெல் வித்தியாசத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். வாட் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறலாம் என்பதற்கு இந்த உதாரணம் போதும்.

காரணம் எளிது. சக்தி இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான். கிட்டார் ஸ்பீக்கர்கள் இயல்பிலேயே சத்தமானவை. செலஸ்டியன் விண்டேஜ் 30 ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் 100 டெசிபெல் தரும். 50 வாட் கொடுத்தால் 117. மேடை ஒலிபெருக்கியான பிஏ பெட்டியின் வூஃபர் பெரும்பாலும் அதைவிடச் சில டெசிபெல் மந்தம். அட்டையில் எழுதியிருக்கும் 1000 வாட்டும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது அதில் ஏறத்தாழ பாதி. ஆக, “ஆயிரம் வாட்” பெட்டி பழைய 50 வாட் ஆம்பை முந்துவது சில டெசிபெல்லில்தான்.

இன்னொரு சங்கதி, கடைக்காரர்கள் சொல்லாதது. பாட்டோ டிரம்ஸோ ஏறி இறங்கும். நல்ல டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் செங்கல் சுவர்போல ஒரே மட்டத்தில் நிற்கும். உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு என்பதால் பெட்டியின் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் சுற்று) சராசரியிலேயே பிடித்துவிடும். சோலோவுக்கு வால்யூம் பெடலை மிதிக்கிறீர்கள், சத்தம் கூடாமல் ஒலி நசுங்குகிறது என்றால் பழி மாடலர்மேல் இல்லை. பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள்.

கணக்கு இப்படிப் போடலாம். அட்டையில் உள்ள அதிகபட்ச டெசிபெல்லில் 6 கழியுங்கள், அது தொடர் சத்தம். 3 மீட்டர் தள்ளி நின்றால் இன்னும் 9.5 போகும். வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கம்பிச்சுருள்) சூடேறி இழப்பது என்று ஒரு 3. 131 டெசிபெல் என்று போட்டிருக்கும் யமஹா டிஎக்ஸ்ஆர்10 முதல் பதிப்பு இந்தக் கணக்கில் 112-க்கு மேல் நிற்கும். 120 என்று போட்டிருக்கும் சிறு பெட்டி 101-ஐ ஒட்டி இறங்கிவிடும். மண்டபச் சுவர்களின் எதிரொலி கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும், திறந்தவெளிக் கூடாரத்தில் அதுவும் கிடையாது. ஓங்கி அடிக்கும் டிரம்மர் மைக் இல்லாமலேயே 100-ஐத் தாண்டுவார். என் கணிப்பில் டிரம்ஸோடு நிற்க 126-க்குக் கீழே வாங்கக் கூடாது; ராக் குழுவுக்கு 130. (100 டெசிபெல்லில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் ஒரு நாளுக்குக் கால் மணிதான். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 85 என்று வரம்பு வைத்திருக்கின்றன. இசைக்கலைஞருக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள்.)

10 அங்குலமா, 12 அங்குலமா? கிட்டாரின் கனமான ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும். இடைப்பட்ட இந்தப் பகுதிக்கு 18 அங்குலமோ சப்-வூஃபரோ தேவையில்லை. பெட்டி உங்கள் காதுக்கு மட்டும் என்றால் நல்ல 10 போதும், மைவி காரின் பின்சீட்டில் வைக்கலாம். ஒலிபெருக்கி ஏற்பாடே இல்லாத சிறு விருந்தில் கூட்டத்துக்கும் அதுவே கேட்க வேண்டும் என்றால் 12. டிஎக்ஸ்ஆர்12 எடை 19.3 கிலோ, லிஃப்ட் இல்லாத பழைய மண்டப மாடிப்படியை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கிட்டாருக்கென்றே வரும் ஹெட்ரஷ், லைன் 6 பவர்கேப், ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்ஆர்-12 வகைகளில் கையில் வரும் உணர்வு ஆம்புக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் அடுத்த வாரம் பாடகருக்கு மானிட்டராக மாற்ற வேண்டி வந்தால் பிஏ பெட்டிதான் கைகொடுக்கும்.

பெட்டி வந்தபின் பெரும்பாலோர் சொதப்புவது அமைப்பில். மாடலரில் கேபினட் சிமுலேஷன் அல்லது ஐஆர் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் அமைப்பு) கட்டாயம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஹார்ன் (பெட்டியின் உச்ச ஒலிப் பகுதி) வழியாகக் குளவிக்கூடு கலைந்ததுபோல வரும். பவர்கேப்பில் ஸ்பீக்கர் மாடலைத் தேர்ந்துவிட்டு ஐஆரையும் போட்டால் கேபினட் இரண்டு முறை ஏறி, போர்வைக்குள் வாசித்ததுபோல மங்கும். பெட்டியின் மைக்/லைன் சுவிட்ச் லைனில் இருக்கட்டும். மைக்கில் வைத்தால் நுழைவாயிலிலேயே கிழியும். பலர் அதை “இந்த ஸ்பீக்கர் சரியில்லை” என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அடுத்து அடி ஒலியை வெட்டும் லோ கட் 90 முதல் 100, உச்சியை வெட்டும் ஹை கட் 6000 முதல் 7000 ஹெர்ட்ஸ். அடியை வெட்டினால் பாஸ் கிட்டாருக்கு இடம் விடுகிறீர்கள், வூஃபரும் வீணாக அசையாமல் மிச்சமாகும் சக்தி நடுப்பகுதிக்குப் போகும். சத்தம் வேண்டுமா, 800 முதல் 2000 வரை 2 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். வால்யூமை ஏற்றுவதைவிட அதுதான் மேடையில் வெட்டி வெளியே வரும். வீட்டில் மெதுவாகக் கேட்டுச் செய்த டோன் மேடையில் குமுறும், கீச்சிடும்; சத்தம் கூடும்போது அடியும் உச்சியும் காதுக்குத் தூக்கலாகத் தெரியும், ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டியது. டோனை மேடைச் சத்தத்திலேயே ஒருமுறை திருத்தி வைத்துவிடுங்கள்.

தரையில் நிமிர்த்தி வைத்தால் ஹார்ன் உங்கள் முழங்காலுக்கு வாசிக்கும். நீங்கள் டிரெபிளைக் கூட்டுவீர்கள், எதிரே முதல் வரிசையில் இருப்பவர் காதைப் பொத்துவார். சாய்த்து வையுங்கள், அல்லது நாற்காலி உயரத்துக்கு ஏற்றுங்கள். தரையில் சாய்த்தால் அடி ஒலி பெருகும். யமஹாவில் டி-காண்டூர் என்ற ஒலித் தேர்வை மானிட்டருக்கு மாற்றினால் அது அடங்கும். மெயின் நிலை கிட்டாருக்கு வேண்டாம், அது அடியையும் உச்சியையும் தூக்கி நடுவைப் புதைத்துவிடும்.

சவுண்ட்காரருக்கு மாடலரின் எக்ஸ்எல்ஆர் அவுட் வழியாகத் தனியே கொடுங்கள், உங்கள் பெட்டிக்கு கால் அங்குல ஜாக்கிலிருந்து எடுங்கள். ஹீலிக்ஸில் பெரிய வால்யூம் குமிழை கால் அங்குல அவுட்டுக்கு மட்டும் ஒதுக்கலாம். எல்லா டோனுக்கும் பொதுவான குளோபல் ஈக்யூவையும் அப்படியே. பிறகு “தம்பி, மேடைச் சத்தத்தைக் குறைப்பா” என்று அவர் கத்தும்போது குறைத்துவிடலாம், மிக்சருக்குப் போகும் அளவு அசையாது.

ஹம் (இடைவிடாத ரீங்காரம்) வந்தால் மாடலரின் கிரவுண்ட் லிஃப்டை, அதாவது ஒலிக் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் சுவிட்சைப் போடுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கும் ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். ஜெனரேட்டரும் ஈரப் புல்லும் உள்ள திருவிழா மேடையில் அது உயிருக்கு உலை. மிக்சருக்கு மின்சாரம் வரும் அதே வழியிலிருந்து எடுத்தால் பாதி ஹம் வராது.

முடா, கரோசெல் போன்ற இணையச் சந்தையில் கண்ட பழைய பெட்டியைப் பார்க்கப் போனால் கிட்டாரையும் மாடலரையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் பின்பக்க மின்னழுத்தச் சீட்டைப் படியுங்கள்: ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் பெட்டியை நம் 230-இல் செருகினால் அத்தோடு சரி. ஒன்றும் வாசிக்காமல் ஹார்னருகே காது வையுங்கள், மெல்லிய உஸ் ஒலி வர வேண்டும். வரவில்லையென்றால் ஹார்னின் டயாஃப்ரம் (ஒலி எழுப்பும் சவ்வு) போயிருக்கலாம். பிறகு ஆறாம் கம்பியில் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசிப்பது) அடித்து வால்யூமை முக்கால் வரை ஏற்றுங்கள். வாய்ஸ் காயில் உரசினால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் மணல் சரசரப்பு கேட்கும். கடலோர வீட்டிலிருந்து வரும் பெட்டியானால் கிரில்லைக் கழற்றித் திருகுகளின் துருவையும் பார்த்துவிடுங்கள். விற்பவர் “பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குது” என்று சொல்லி முக்கால் வரை ஏற்ற விடவில்லையென்றால், பகல் நேரம் கேட்டு மறுபடி போங்கள்.