எழிலி, கொண்டல், ஆதிரை: ஐப்பசிப் பெயர்க் குறிப்புகள்

அக்டோபர் 19, கடலூர் முதுநகர்

மழைக்காலத்தில் பிறக்கும் பிள்ளைக்கு மேகப் பெயர் என்றால் எல்லோரும் முகிலோடு நின்றுவிடுகிறார்கள். அது இரு பாலுக்கும் பொருந்தும் நல்ல பெயர்தான். ஆனால் எழிலி என்ற சொல்லும் மேகம்தான். 17ஆம் குறளில் வருகிறது: கடலில் முகந்த நீரை எழிலி திரும்பப் பெய்யாவிட்டால் அந்த நெடுங்கடலே வளம் குன்றும். கடற்கரை ஊர்ப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. வீட்டில் எழில் என்று கூப்பிடலாம்.

அக்டோபர் 22

காற்றுக்குப் பழந்தமிழில் திசைக்கொரு பெயர்: தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. பெயராக நிற்பவை தென்றலும் கொண்டலும்தான். கோடை இன்று வெயில்காலம். வாடை ஏட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும், துறைமுகத்துப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் மீன் வாடைதான் நினைவுக்கு வரும். பள்ளியில் பிள்ளை பாடுபடும். கொண்டலுக்கு மழைமேகம் என்ற பொருளும் உண்டு. பையனுக்கு வைக்கலாம். இவ்வளவு நல்ல பெயரை ஏன் விட்டுவிட்டோம் என்று வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 26

தலைப்பெழுத்தோடு சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் எந்தப் பெயரையும் முடிவு செய்யக் கூடாது. அப்பா பெயர் சுந்தரம் என்றால் ‘சு. மதி’ சுமதி ஆகும், நல்ல புத்தி. அப்பா குமார் என்றால் ‘கு. மதி’ குமதி, அதாவது கெட்ட புத்தி. வான்மதி, இளமதி என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது.

அக்டோபர் 30, புதுச்சேரி

ஆங்கிலத்தில் எழுதும்போது நிலாவும் நீலாவும் ஒன்றாகிவிடும். எழிலியின் ழகரத்துக்கு ‘இசட் எச்’ போட்டால் வடக்கே ‘எஸிலி’ என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: முகிலுக்கு ‘எம் யூ’ என்று எழுதினால் பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ம்யூகில்’ ஆகும். ‘ஓ யூ’ சேர்த்தால்தான் ‘மு’ வரும். பழைய புதுவைக் காகிதங்களில் முருகனுக்கு அத்தனை ‘ஓ யூ’ இருப்பது இதனால்தான்.

நவம்பர் 3

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கு: கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்பதால் எழிலி, இளமதி. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்பதால் வானதி, அதாவது ஆகாய கங்கை. மகத்துக்கு ம, மி, மு, மெ, முகில் பொருந்தும்.

ஆதிரை தனி அழகு. சிதம்பரத்தில் மார்கழி ஆதிரைக்குத் தேர் ஓடுவதால் இந்த மாவட்டத்துக்கே சொந்தமான பெயர் என்று சொல்லலாம். பிள்ளைக்குக் காட்டவும் முடியும். டிசம்பர் கடைசியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு இடப்பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை. இன்னும் உயரத்தில் தெரியும் சிவப்பு ரோகிணி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நவம்பர் 7

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அல்ல. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எழுத்துப்பிழையைத் திருத்தித் தருவார்கள். பதிந்த பெயரை வேறு பெயராக மாற்றித் தரமாட்டார்கள். அதனால் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்க வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும்: வெண்ணிலா ‘வென்னிலா’ ஆகியிருக்கிறதா, எழிலி ‘எளிலி’ ஆகியிருக்கிறதா என்று.