தக்காளிய அமுக்கிப் பாக்குற கை

நானும் அதத்தான் பண்றேன், மொதல்லயே ஒத்துக்கறேன். தக்காளி குவியல்ல கைய விட்டு, மேல இருக்கறத எல்லாம் ஒதுக்கித் தள்ளி, அடியில இருந்து ஒன்ன எடுத்து கட்டை விரலால ஒரு அமுக்கு, ம்ஹூம் சரியில்ல, திரும்ப போட்டுட்டு அடுத்தது. நேத்து வாங்கினதுல ஒன்னு, காலைல பாத்தா சரியா ஒரு விரல் அளவுக்கு குழி, சுத்தி தண்ணி விட்டு கொழகொழன்னு. எனக்கு முன்னாடி எத்தன பேரு அமுக்கினாங்களோ.

ஏன் அமுக்கறோம்? நம்பிக்கை இல்ல, அவ்ளோதான். "இன்னைக்கு வந்ததுங்க"ன்னு சொல்லுவாங்க, பொய்யும் இல்ல, கடைக்கு இன்னைக்கு தான் வந்திருக்கும், செடிய விட்டு எப்ப வந்துச்சுன்னு தான் நமக்குத் தெரியாது. நடுவுல ரெண்டு மூணு கை மாறி, லாரில வெயில்ல நின்னு, எல்லாம் நடந்திருக்கும்.

இதே அவநம்பிக்கை பெருசா கிளம்பினா என்ன ஆகும்னா, 2011ல ஜெர்மனில ஈ.கோலை கிருமி பரவி 50 பேருக்கு மேல செத்தாங்க, ஆரம்பத்துல ஸ்பெயின் வெள்ளரிக்கா தான் காரணம்னு அறிவிச்சுட்டாங்க, ஜனங்க வெள்ளரிய மட்டுமா விட்டாங்க, தக்காளி கீரைன்னு எதையும் தொடல, நல்ல காய் டன் கணக்குல குப்பைக்குப் போச்சு. கடைசில பாத்தா காரணம் முளைகட்டின வெந்தயம்! ஐரோப்பிய யூனியன் விவசாயிங்களுக்கு 21 கோடி யூரோவுக்கு மேல ஒதுக்க வேண்டியதாச்சு. அதுக்கு முன்னாடி 2008ல அமெரிக்காவுலயும் இதே கூத்து, சால்மோனெல்லான்னு வயித்துப்போக்கு வரவைக்கிற ஒரு கிருமி பரவினதுக்கு தக்காளிய சந்தேகப்பட்டு, அப்புறம் பச்சை மிளகாய்ல போய் நின்னாங்க. பல தோட்டத்து தக்காளிய சைஸ் வாரியா கலந்து திரும்ப பெட்டி போடுறதால எது எங்க இருந்து வந்துச்சுன்னு பிடிக்கறதே பெரும்பாடு. ஒரு தோட்டத்த மட்டும் தனியா காட்ட முடிஞ்சா மத்தவங்க சரக்கு தப்பிச்சிருக்கும்ல?

சரி, கடைய மட்டும் திட்டவும் முடியாது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட 2024 அறிக்கைல, 2022ல கடை, ஓட்டல், வீடுன்னு எல்லாம் சேத்து வீணான உணவு 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீட்டுல. வீடுன்னா நாம தான், ஃபிரிட்ஜ் அடித்தட்டுல கருத்துப்போன அந்தக் கீரைக்கட்டு.

எனக்குக் கடுப்பே என்னன்னா, மொத்தமா வர்ற பெட்டில பல சமயம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், லாட் நம்பர் (எந்தத் தொகுதி சரக்குன்னு காட்டுற எண்), பேக் பண்ண தேதின்னு. கடைல கொட்டுறப்ப காலிப் பெட்டியோட அதுவும் போயிடுது. அதக் கிழிச்சு குவியலுக்கு மேல சொருகி வெச்சா என்ன குறைஞ்சிடும்? அப்ப நீ அமுக்க மாட்டியான்னு கேக்காதீங்க. அமுக்குவேன், ஆனா மெதுவா.